சம்பளக் கணக்குச் செயலிக்குள் எந்த மொழி? முதலில் உரிமத்தைப் பார்ப்போம்

(ஒஸ்லோவில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்துவடிவம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது சில இடங்களை ஒழுங்குபடுத்தினேன். பேச்சுநடையை முழுக்க எடுத்துவிடவில்லை.)



போன கூட்டத்தில் ஒரு கேள்வியை என்னட்டைத் தந்து, "படிச்சுப்போட்டு வந்து சொல்லும்" என்றீர்கள். எங்கள் சம்பளக் கணக்குச் செயலிக்குள் எந்த ஸ்கிரிப்ட் மொழியை உட்பொதிக்கிறது என்பதுதான் கேள்வி. அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு மாதம் போய்விட்டது.

இன்று முதன்முதலாக வந்திருக்கிற ஆக்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா துப்புரவு வேலை செய்கிறா. கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். அவ தன்ரை மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் நாளுக்கு நாள் எழுதி வைத்திருந்தா. அந்தக் கொப்பியையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். மேலதிக நேரத்துக்கு வரவேண்டிய கூடுதல் பல மாதமாக வரவே இல்லை. காசு பிறகு வந்தது, அது வேறு கதை. ஆனால் அந்த மேசையில் போன நாலு மணித்தியாலத்தை ஒரு கைத்தொலைபேசி இரண்டு நிமிடத்தில் செய்யும் என்று ஆருக்கோ தோன்றியது. அப்படித்தான் செயலி தொடங்கியது.

கணக்கு இலேசு. விதிகள்தான் சிக்கல். நோர்வேயின் வேலைச்சூழல் சட்டப்படி மேலதிக நேரத்துக்குக் குறைந்தது 40 வீதம் கூடுதல் கொடுக்கவேண்டும். அது எல்லாருக்கும் பொது. துப்புரவுத் துறையில் 2011இல் இருந்து கூட்டு ஒப்பந்தத்தின் அடிப்படைச் சம்பளம் அந்தத் துறை முழுவதற்கும் கட்டாயம். சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே கொடுக்க முடியாது. அந்தத் தொகை காலத்துக்குக் காலம் கூடும். இரவு 9 மணிக்குப் பிறகு செய்கிற வேலைக்கு வேறு கூடுதல். முதியோர் இல்லத்தில் வேலைசெய்கிற எங்கள் ஆக்களுக்கு இன்னொரு ஒப்பந்தம், உணவகத்துக்கு வேறொன்று. இதையெல்லாம் செயலியின் மூலநிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால், ஒரு தொகை மாறுகிற ஒவ்வொரு தடவையும் நானோ இன்னொரு புரோகிராமரோ உட்கார வேணும். நாங்கள் களைத்துப்போகிற அன்றைக்குச் செயலியும் செத்துப்போகும்.

அதனால் விதிகள் தனிக் கோப்பில் இருக்கவேண்டும். அதை விதி தெரிந்தவர்கள் எழுதவேண்டும். கொப்பி வைத்திருந்த அந்த அக்காவுக்கு துப்புரவு ஒப்பந்தம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவ எழுதுகிற கோப்பைச் செயலி வாசித்து ஓட்டவேண்டும். பெரிய நிரலுக்குள் குடியிருக்கிற சின்ன மொழி என்பது இதுதான்.

இது ஒஸ்லோவுக்குப் புது யோசனையும் இல்லை. புளிண்டர்ன் பக்கம் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் தகவலியல் கட்டடங்களில் ஒலே-யுகான் டால், கிறிஸ்டன் நூகோர் என்ற இரண்டு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். சிமுலா என்ற மொழியை இந்த நகரத்தில் உருவாக்கியவர்கள் அவர்கள். 1967இல் வந்த சிமுலாவில் இருந்துதான் இன்றைக்குப் பாதி உலகம் எழுதுகிற 'பொருள்நோக்கு' நிரலாக்கம் பிறந்தது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. இதெல்லாம் கணினி படித்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் பலருக்குத் தெரியாதது, அதே நூகோர் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலைசெய்தவர் என்பது. தொழிற்சாலைக்குள் கணினி வரப்போகிறது, அது வேலையை என்ன செய்யும் என்று தொழிலாளர்களே படித்து, தாங்களே முடிவெடுக்கிறதுதான் அந்த வேலைத்திட்டம். முதலாளிமார் சங்கத்துக்கும் எல்.ஓ.வுக்கும் இடையே கணினி அமைப்புகள் பற்றி 1975இல் வந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. விதியை எழுதுகிறது ஆர் என்ற எங்கள் கேள்வியை அவர்கள் எங்களுக்கு ஐம்பது வருடம் முந்திக் கேட்டிருக்கினம்.

சரி, உரிமத்துக்கு வருவோம்.

"எந்த மொழி வேகம், எந்த மொழி இலேசு என்று பார்க்காமல் ஏன் உரிமத்தில் தொடங்குகிறாய்?" என்று ஒரு தோழர் கேட்டார். வேகம் பிழைத்தால் திருத்தலாம். இலக்கணம் பிடிக்காவிட்டால் பழகலாம். உரிமம் பிழைத்தால் திருத்துகிற அதிகாரம் எங்கள் கையில் இருக்காது. இதற்கும் ஒஸ்லோவிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1994இல் ஹோவார்ட் நூர், ஐரிக் சாம்பே-எங் என்ற இரண்டு பேர் ஒரு கொம்பனி தொடங்கினார்கள். பிறகு அது ட்ரோல்டெக் என்று பெயர்பெற்றது, ஒஸ்லோவில் இயங்கியது. பொத்தான், சாளரம், பட்டியல் என்று திரையில் தெரிகிற எல்லாவற்றையும் வரைகிற 'கியூட்டி' என்ற நிரல்தொகுதிதான் அவர்களின் சரக்கு. 1996 ஒக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் லினக்ஸுக்கு ஒரு முழு மேசைத்தளம் செய்வோம் என்று அழைப்பு விடுத்தார். கே.டி.ஈ. பிறந்தது. அவர் அத்திவாரமாக எடுத்தது கியூட்டியை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல தெரிவு. ஆனால் கியூட்டியின் அப்போதைய இலவசப் பதிப்பின் உரிமம் கட்டற்ற மென்பொருள் உரிமம் இல்லை. மூலநிரலைப் பார்க்கலாம், மாற்றி வெளியிட முடியாது.

வீடு எங்களுடையது, அத்திவாரம் மற்றவன்ரை காணியில். கே.டி.ஈ.யின் நிலைமை அதுதான். அதற்கு எதிர்வினையாக 1997இல் க்னோம் என்ற இன்னொரு மேசைத்தளமே தொடங்கப்பட்டது. கியூட்டியை அப்படியே நகலாக எழுதுவோம் என்று ஹார்மனி என்ற திட்டத்தை வேறொரு கூட்டம் தொடங்கியது. 1998இல் டெபியன் காரர்கள் கே.டி.ஈ.யைத் தங்கள் வெளியீட்டில் சேர்க்கமாட்டோம் என்றார்கள். கே.டி.ஈ.யின் நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது, கியூட்டியின் உரிமம் அதோடு ஒத்துப்போகவில்லை, இரண்டையும் இணைத்துக் கொடுக்கச் சட்டப்படி அனுமதி இல்லை என்பது அவர்களின் நியாயம். ட்ரோல்டெக் கியூ.பி.எல். என்று புதிய உரிமம் ஒன்றை எழுதியது. அது திறந்த மூல உரிமம்தான், ஆனால் ஜி.பி.எல்.லோடு அதுவும் ஒத்துப்போகவில்லை. 2000 செப்டெம்பரில் கியூட்டியை ஜி.பி.எல்.லிலும் வெளியிட்ட பிறகுதான் சண்டை ஓய்ந்தது. நாலு வருடச் சண்டை, இரண்டு மேசைத்தளம், எத்தனையோ பேரின் இளமை. எல்லாம் தொடக்கத்தில் ஒரு உரிமத்தைச் சரியாக வாசிக்காததால்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. 1998இல் கே.டி.ஈ. காரர்கள் ட்ரோல்டெக்கோடு ஒரு அறக்கட்டளை ஒப்பந்தம் போட்டார்கள். கொம்பனி கியூட்டியின் இலவசப் பதிப்பை வெளியிடுவதை நிறுத்தி 12 மாதம் போனால், கடைசியாக வந்த பதிப்பை பி.எஸ்.டி. வகை உரிமத்தில், அதாவது ஆரும் எதற்கும் எடுக்கலாம் என்று, வெளியிடுகிற அதிகாரம் அறக்கட்டளைக்கு. 2008இல் நோக்கியா ட்ரோல்டெக்கை வாங்கியது. 2012இல் ஃபின்லாந்தின் டிஜியாவுக்குக் கைமாறியது. பிறகு அதிலிருந்து தனிக் கொம்பனி. இத்தனை கை மாறியும் அந்த ஒப்பந்தம் கூடவே போனது. 2020இல் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று கொம்பனி இறுக்கியபோதும், மிச்சத்தை மூடமுடியாமல் வைத்திருந்தது அந்தத் தாள்தான். முதலாளியின் நல்ல மனதை நம்பி இருக்காமல் எழுத்தில் வாங்கு என்று எந்தச் சங்கக்காரரும் சொல்கிற விசயம்தானே.

இன்னொரு சின்னத் துணைக்கதை. கியூட்டியைப் பைதன் மொழியில் இருந்து பாவிக்க 'பைகியூட்டி' என்ற இணைப்பு ஏற்கெனவே இருந்தது, ஜி.பி.எல். அல்லது காசு. நோக்கியா கியூட்டியை எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்றிய பிறகு, இணைப்பையும் அப்படி மாற்றித் தரும்படி அதை எழுதியவர்களோடு பேசியது. சரிவரவில்லை. 2009இல் 'பைசைட்' என்ற பெயரில் அதே வேலையைச் செய்கிற இன்னொரு இணைப்பை முதலில் இருந்து எழுதுவித்தது. நல்லாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உரிமத்துக்காக மட்டும் திரும்ப எழுதினார்கள். நோக்கியாவிடம் காசு இருந்தது. எங்களிடம் இருப்பது நாலு பேரின் ஞாயிற்றுக்கிழமை.

இனி எங்கள் தெரிவுகள்.

முதலில் மனதுக்கு நெருக்கமானது: எழில். முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் திறந்த மூலமாக வெளியிட்ட தமிழ் நிரல்மொழி. எழிலைப் பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லை ஒட்டிய மொழி இல்லை அது. ஆங்கில மொழிகளில் 'இஃப்' முன்னுக்கு வரும், நிபந்தனை பின்னுக்கு. எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, அதற்குப் பின்னால் 'ஆனால்' வரும். 'மணி 9க்கு மேல் ஆனால்' என்று நாங்கள் கதைக்கிற ஒழுங்கு. பிறகு 'இல்லை', கடைசியில் 'முடி'. அந்த அக்காவுக்கு ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன். விளக்கம் சொல்லாமலே வாசித்தா.

எழிலின் உரிமம் ஜி.பி.எல். பதிப்பு 3. இங்கே இருக்கிற பல பேருக்கு அது நல்ல செய்தி. "ஜி.பி.எல். எங்கடை, எம்.ஐ.டி. முதலாளியின்ரை" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கு இருக்கிறதுதானே. எடுக்கிறவன் திருப்பித் தரவேண்டும் என்பது ஜி.பி.எல்.லின் சாரம். மாற்றி வெளியே கொடுக்கிறாய் என்றால் மூலநிரலோடு, அதே உரிமத்தில் கொடு. பொதுக் காணிக்கு வேலி போடாதே.

ஆனால் ஒரு மொழியைப் *பாவிக்கிறதும்* உட்பொதிக்கிறதும் ஒன்றில்லை. ஜி.பி.எல். உரிமமுள்ள மொழிபெயர்ப்பியில் நீங்கள் எழுதி ஓட்டுகிற நிரல் உங்களுடையது, அதற்கு எந்த உரிமத்தையும் போடலாம். அந்த மொழிபெயர்ப்பிக்கு அது வெறும் தரவு. மொழிபெயர்ப்பியையே எங்கள் செயலிக்குள் இணைத்து ஒரே பொட்டலமாகக் கொடுத்தால், முழுப் பொட்டலமும் ஜி.பி.எல். நிபந்தனைக்குள் வரும். "வரட்டுமே, எங்கள் செயலியும் ஜி.பி.எல்.தானே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐஃபோனில் வந்து முட்டும்வரை.

வி.எல்.சி. என்ற படம் பார்க்கிற செயலி உங்கள் எல்லாரிடமும் இருக்கும். 2011 ஜனவரியில் அதை அப்பிள் தன் கடையில் இருந்து எடுத்தது. கடையின் நிபந்தனைகள் பாவனையாளருக்குக் கட்டுப்பாடு போடுகின்றன, ஜி.பி.எல். மேலதிகக் கட்டுப்பாட்டை அனுமதிக்காது, இரண்டும் சேராது என்று வி.எல்.சி.யை எழுதியவர்களில் ஒருவரே முறைப்பாடு செய்திருந்தார். திரும்ப வர 2013 ஆனது. அதற்கு நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்து, உன் பங்கின் உரிமத்தை மாற்றச் சம்மதமா என்று ஒவ்வொருவராகக் கேட்கவேண்டி வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, என் முடிவே இதில்தான் தொங்குகிறது. ஒரு நிரலை முழுக்க நாங்களே எழுதினோம் என்றால், பதிப்புரிமை எங்களிடம். ஜி.பி.எல். பதிப்பு 3இன் 7ஆம் பிரிவின்படி 'இந்தக் கடைவழியாகக் கொடுக்க மேலதிக அனுமதி தருகிறோம்' என்று நாங்களே ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் உள்ளே எழில் இருந்தால் அந்த வரி எழிலின் பகுதிக்குச் செல்லாது. அது எழிலை எழுதியவர்கள் தரவேண்டிய அனுமதி. கேட்டால் தரக்கூடும். ஆனால் கேட்டுத்தான் நிற்கவேண்டும். துப்புரவு வேலைசெய்கிற எங்கள் ஆக்கள் பலரிடம் இருப்பது பழைய ஐஃபோன், பிள்ளைகள் பாவித்து முடித்துக் கொடுத்தது. "கொள்கைப்படி ஆண்ட்ராய்ட் வாங்குங்கோ அக்கா" என்று நான் சொல்லப்போவதில்லை.

இன்னொரு நடைமுறைத் தடையும் உண்டு. எழில் பைதனில் எழுதப்பட்டது. எழிலை உள்ளே வைக்கப் பைதனையும் உள்ளே வைக்கவேண்டும். கைத்தொலைபேசிக்கு அது பாரம். பைதனின் உரிமம் தாராளமானது, அதில் பிரச்சினை இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் இருந்தது: 2000இல் வந்த 1.6 பதிப்பின் உரிமத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி இருக்க, அந்த ஒற்றை வரியால் ஜி.பி.எல்.லோடு சேராது என்றாகி, அடுத்த வருடம் திருத்தினார்கள்.

கைல் என்று குனூ திட்டத்தின் சொந்த உட்பொதி மொழி ஒன்று உண்டு, எல்.ஜி.பி.எல். 1994இல் ஸ்டால்மன் டிசிஎல் மொழியைப் பாவிக்காதீர்கள் என்று எழுதிக் கிளப்பிய சண்டையின் பிள்ளை அது. அடைப்புக்குறிகளைப் பார்த்து எங்கள் ஆக்கள் ஓடிவிடுவார்கள் என்பதால் நான் மேலே போகவில்லை.

மிஞ்சுவது லுவா. நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

லுவா என்றால் போர்த்துக்கேய மொழியில் நிலா. 1993இல் பிரேசிலில், ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே ஜி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் என்ற மூன்று பேர் உருவாக்கியது. பிரேசில் அரசு 1992வரை கணினிப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான தடை வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வெளியில் இருந்து வாங்கிப் பழகாத ஒரு கூட்டம், தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே செய்து பழகியது. அரச எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராசின் பொறியியலாளர்கள், புரோகிராமர் அல்லாதவர்கள், தரவை உள்ளிடவும் விவரிக்கவும் இரண்டு சின்ன மொழிகள் செய்தார்கள். அதில் ஒன்றின் பெயர் சோல், சூரியன். இரண்டையும் சேர்த்தபோது நிலா வந்தது. தொழில் தெரிந்தவன் தன் விதியைத் தானே எழுதுகிறதற்காகப் பிறந்த மொழி என்பது எங்கள் தேவைக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

அதன் உரிமத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1994இல் முதன்முதல் வெளியே விட்டபோது, படிப்புக்கு இலவசம், வணிகத்துக்குப் பேசவேண்டும் என்று வைத்தார்கள். பேச வந்தவர்கள் குறைவு. அடுத்த வருடமே எல்லாருக்கும் எதற்கும் இலவசம் என்று மாற்றினார்கள், தாங்களே எழுதிய வாசகத்தில். 2003இல் வந்த 5.0 பதிப்பில் இருந்து எம்.ஐ.டி. உரிமம். அரைப் பக்கம்கூட வராது. பதிப்புரிமை அறிவிப்பை எடுக்காதே, பிழை வந்தால் எங்களைப் பிடிக்காதே, மிச்சம் உன் விருப்பம். அவ்வளவுதான்.

"அப்போ முதலாளியும் எடுப்பானே?" எடுத்துவிட்டான், தோழர். விளையாட்டுக் கொம்பனிகள் எல்லாம் எடுத்துக் கோடிகோடியாக உழைத்தாயிற்று. அதே லுவா தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டிகளுக்குப் பின்னாலும் ஓடுகிறது. 2013இல் விக்கிமீடியா தன் தளங்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தது. முதலாளி எடுத்ததால் விக்கிப்பீடியாவுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை. ஆனால் வாதத்தின் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். லுவாவை உள்ளே வைத்திருக்கிற ரெடிஸ் என்ற தரவுக்கிடங்கு பல வருடம் பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்தது. எத்தனையோ பேர் சும்மா உழைத்துக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் கொம்பனி கதவைச் சாத்தி உரிமத்தை இறுக்கியது. உழைத்தவர்கள் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு வால்கி என்று தனிக்குடித்தனம் போனார்கள். அடுத்த வருடம் கொம்பனி ஏ.ஜி.பி.எல்.லையும் சேர்த்துக்கொண்டு பாதி இறங்கி வந்தது. தாராள உரிமம் இருந்தபடியால்தான் சாத்தவும் முடிந்தது, பிரிந்து போகவும் முடிந்தது.

ஆகவே நான் சொல்கிறது, மூன்று அடுக்கையும் பிரித்துப் பாருங்கள் என்று. உள்ளே இருக்கிற மொழி, அதைச் சுமக்கிற செயலி, மேலே ஓடுகிற விதிக் கோப்பு. மூன்றுக்கும் ஒரே உரிமம் இருக்கவேண்டும் என்று ஆரும் கட்டளை போடவில்லை.

மொழி எங்கள் போராட்டக்களம் இல்லை. அங்கே எவ்வளவு தளர்வோ அவ்வளவு எங்களுக்கு நல்லது, ஏனென்றால் மேலே என்ன உரிமத்தைப் போடுகிறதென்பது முழுக்க எங்கள் கையில் வரும். செயலியை ஏ.ஜி.பி.எல். பதிப்பு 3இல் வைப்போம், கடைக்கான அந்த மேலதிக அனுமதி வரியோடு. ஏன் வெறும் ஜி.பி.எல். இல்லை? வெளியே கொடுத்தால்தான் ஜி.பி.எல். கேள்வி கேட்கும். ஆளணி அனுப்புகிற ஒரு கொம்பனி எங்கள் நிரலை எடுத்துத் தன் சேர்வரில் வைத்து, மாற்றி, தொழிலாளருக்கு இணையம்வழியாகக் காட்டினால் ஜி.பி.எல். வாய்திறக்காது. ஏ.ஜி.பி.எல். கேட்கும்: பாவிக்கிறவருக்கு நீ மாற்றிய மூலநிரலைக் காட்டு. 'கூடுதலைக் கணக்கில் எப்படி வெட்டினாய்?' என்று பார்க்கிற உரிமை அது.

சில தோழர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டுறவுக்கும் தொழிலாளருக்கும் மட்டும் அனுமதி தருகிற உரிமம் போடுவோம் என்கிறார்கள். அப்படி உண்டு. டிமித்ரி கிளைனர் முன்வைத்த தோழமை உற்பத்தி உரிமம் ஒன்று, 2020இல் வந்த முதலாளிய எதிர்ப்பு மென்பொருள் உரிமம் இன்னொன்று. வாசித்தேன், மனசு சந்தோசப்பட்டது. ஆனால் அவை ஜி.பி.எல்.லோடு சேரமாட்டா. உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற கட்டற்ற நிரல்களில் பெரும்பகுதியை நாங்களே எங்களுக்கு மூடிக்கொள்வோம். அதோடு, டக்ளஸ் குரொக்ஃபோர்ட் என்பவர் ஒருமுறை தன் நிரலின் உரிமத்தில் 'நன்மைக்கு மட்டும் பாவி, தீமைக்குப் பாவிக்காதே' என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தார். தீமை செய்கிறவன் ஒருவனும் அதைப் பார்த்து நிற்கவில்லை. நின்றது டெபியன் மாதிரியான ஆக்கள்தான், இந்த வரியோடு எங்களால் வெளியிட முடியாது என்று. சம்பளத்தைக் களவெடுக்கிறவனைப் பிடிக்க 2022 ஜனவரியில் இருந்து நோர்வேயில் குற்றவியல் சட்டமே இருக்கிறது. அதையே மீறுகிறவன் எங்கள் உரிமத்தின் நாலாவது பந்திக்குப் பயப்படுவான் என்று நான் நம்பவில்லை.

தமிழ் என்னாயிற்று என்று கேட்பீர்கள். எழிலை விடுவது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் எம்.ஐ.டி. உரிமம் லுவாவை வெட்டித் தைக்கவும் அனுமதிக்கிறது. லுவா 5.4இல் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 22தான். அவை மூலநிரலில் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கின்றன. அந்த 22ஐயும் தமிழாக்கித் தொகுத்துப் பார்த்தேன். மாறிகளின் பெயர்களில் ஆங்கில எழுத்துத்தான் வரலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் அதே மூலநிரலில் இடம் இருக்கிறது. 'இரவுக்கூடுதல்' என்று ஒரு மாறி வைத்து ஓட்டினேன், ஓடியது. எழிலின் சொல்லொழுங்கு இதில் வராது, 'ஆனால்' முன்னுக்குத்தான் நிற்கிறது, வாசிக்க நொண்டுகிறது. எழில் குடும்பத்தில் இருந்து ஒன்றை மட்டும் எடுக்கிறேன்: 'ஓப்பன் தமிழ்' நூலகம். தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணவும் பிரிக்கவும் உதவுவது. அதன் உரிமம் எம்.ஐ.டி. மொழியை ஜி.பி.எல்.லிலும், அடிப்படை நூலகத்தை எம்.ஐ.டி.யிலும் என்று அவர்களும் அடுக்குப் பிரித்துத்தான் யோசித்திருக்கினம் போல. அந்த நூலகத்தை வைத்துச் சின்ன முன்செயலி ஒன்றை என் கணினியில் ஓட்டி, தமிழ் ஒழுங்கில் எழுதியதை லுவா ஒழுங்குக்கு மாற்றுகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாதுகாப்புப் பற்றி ஒரு வார்த்தை. ஆரோ அனுப்பிய விதிக் கோப்பு கைத்தொலைபேசியின் கோப்புகளைத் தொடக்கூடாது. லுவாவில் கோப்பு, இயங்குதளம் பற்றிய நூலகங்களை உள்ளே ஏற்றாமலே விடலாம். இல்லாத கதவைத் திறக்க முடியாது.

மூன்றாவது அடுக்கு, விதிக் கோப்புகள். இங்கேதான் எனக்கும் குழுவில் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவற்றையும் ஏ.ஜி.பி.எல்.லில் வைப்போம் என்கிறார்கள் அவர்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல், பதிப்புரிமையையே விட்டுக்கொடுக்கிற சி.சி. சைபரில் விடுவோம் என்கிறேன் நான். அந்தக் கோப்பில் இருப்பது கூட்டு ஒப்பந்தத்தின் எண்களும் நிபந்தனைகளும். அவை வேலைநிறுத்தம் செய்து வாங்கியவை, எங்கள் ஆக்கம் இல்லை. போலந்துக்காரரோ லித்துவேனியாக்காரரோ தங்கள் செயலிக்கு அதை எடுக்கும்போது எங்கள் உரிமத்தைப் படித்துக்கொண்டு நிற்கவேண்டுமா? கொம்பனிக்காரனும் எடுப்பான் என்கிறார்கள். எடுக்கட்டும், சரியான விதியை வைத்துச் சரியாகக் கணக்குப் பார்த்தால் எனக்கென்ன? ஆனால் கோப்பை எழுதியவரின் பெயர் அதில் இருக்கவேண்டும் என்று அந்த அக்கா சொன்னா. சி.சி. சைபர் பெயரைக் கட்டாயப்படுத்தாது. "நான் எழுதினது என்று என்ரை மகள் பார்க்கோணும்" என்றா. அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பெயரை மட்டும் கேட்கிற சி.சி. பை போடலாமா என்று இப்போது யோசிக்கிறேன். நீங்கள் வாக்கெடுப்புக்கு விடும்போது அதையும் ஒரு தெரிவாகச் சேருங்கள்.

கேள்வி நேரத்துக்கு முதல் ஒரு உதவி. அந்த 22 சொற்களில் 19க்குத் தமிழ் பிடித்துவிட்டோம். 'நில்', 'லோக்கல்', 'அன்டில்' மூன்றும் நிற்கின்றன. 'நில்'லை அப்படியே தமிழில் எழுதினால் நிரல் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். தாளைச் சுற்ற விடுகிறேன், தோன்றுகிற சொல்லை எழுதித் தாருங்கோ.